குடியிருப்பு மனையும் குடும்பச் செலவும்: மூன்று தலைமுறைக் கணக்கு

“எங்கள் காலத்தில் பத்து ரூபாய் கூலியில் குடும்பமும் நடத்தினோம், வீடும் கட்டினோம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இருபதாயிரம் சம்பளம் வந்தும் கையில் நிற்பதில்லை. பைக்குக்குத் தவணை, செல்போனுக்குத் தவணை, ஞாயிற்றுக்கிழமை ஆனால் பிரியாணி.”

இந்தப் பேச்சைப் பட்டிமன்றத்தில் கேட்டிருப்போம், கல்யாண வீட்டில் கேட்டிருப்போம். நம் தெருப் பெரியவர்களே சிலர் இப்படிச் சொல்கிறார்கள். கேட்கும் பிள்ளைகளும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள், ஏதோ தாங்கள்தான் குடும்பத்தின் வீட்டைத் தின்றுவிட்டதுபோல.

இந்தப் பேச்சில் ஒரு கேள்வி கேட்கப்படுவதே இல்லை. அந்தக் காலத்தில் கட்டிய வீடு யாருடைய மண்ணின் மேல் நின்றது? வீடு என்றால் சுவரும் கூரையும் மட்டுமல்ல, முதலில் அது மனை. நூற்றைம்பது ஆண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், தலித் குடும்பங்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் மனைக்கு விலை கொடுத்தே வந்திருக்கின்றன. விலையின் வடிவம்தான் மாறியது. முதலில் உழைப்பாகக் கொடுத்தோம், பிறகு தவணையாகக் கொடுத்தோம், இன்று வாடகையாகவும் வட்டியாகவும் கொடுக்கிறோம். இதைக் கணக்கில் சேர்க்காமல் எந்தத் தலைமுறை சிக்கனம், எந்தத் தலைமுறை ஊதாரி என்று பேசுவது நியாயமில்லை.

மனை மிராசுதாருடையது

செங்கல்பட்டு மாவட்டக் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-இல் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். பஞ்சமி நிலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் குறிப்பிடும் அறிக்கை அது. அதில் நிலத்தைப் பற்றிய பகுதியைப் படிக்கிறோம். வீட்டு மனையைப் பற்றி அவர் எழுதியதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

அன்றைய சேரிகளில் பல மிராசுதார்களின் உரிமையில் இருந்தன. குடிசை நம்முடையது, அது நிற்கும் மண் அவருடையது. தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து செத்தாலும் கையில் ஒரு காகிதம் கிடையாது. பண்ணையை விட்டு வேறு வேலைக்குப் போனால், தரிசு நிலத்துக்கு மனுப் போட்டால், மதம் மாறினால், கூலி கூட்டிக் கேட்டால், முதலில் வரும் மிரட்டல் “குடிசையைப் பிரித்துக்கொண்டு போ” என்பதுதான். அந்தப் பகுதியில் வேலை செய்த ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கூடி போன்ற மிஷனரிகளும் இதைத்தான் அரசிடம் முறையிட்டார்கள்.

அப்படியானால் அந்தக் குடும்பம் வாடகை கொடுக்கவில்லையா? கொடுத்தது. ரூபாயாகக் கொடுக்கவில்லை. சந்தைக் கூலியைவிடக் குறைந்த கூலிக்கு வேலை செய்ததும், கூப்பிட்ட நேரத்துக்குப் போய் நின்றதும், சாவுச் சேதி சொன்னதும், செத்த மாட்டைத் தூக்கியதும் அந்த மனைக்கான வாடகைதான். எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாத வாடகை.

அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892-இல் அரசாணை வந்தது. தரிசு நிலங்கள் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு ஒப்படைக்கப்பட்டன. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிலம் எப்படிக் கைமாறியது என்பது நமக்குத் தெரிந்த கதை. ஆனால் மிராசுதாரின் மண்ணில் நின்ற குடிசைக்கான கேள்வி அப்போது தீரவில்லை.

முதல் தவணை

1920-இல் சென்னை மாகாண அரசு லேபர் கமிஷனர் என்ற பதவியை ஏற்படுத்தியது. இன்றைய ஆதிதிராவிடர் நலத்துறையின் மூதாதை அந்தத் துறைதான். அதன் முக்கிய வேலைகளில் ஒன்று வீட்டு மனை. நில உரிமையாளர்களிடமிருந்து மனைகளை விலைக்கு எடுத்து, தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கொடுத்தார்கள்.

இலவசமாகக் கொடுக்கவில்லை. கூட்டுறவுச் சங்கம் அமைத்து, மனை விலையைக் கடனாக எழுதி, தவணையில் வசூலித்தார்கள். காலங்காலமாகக் கூலியில்லா உழைப்பால் வாடகை கொடுத்த மண்ணுக்கே மறுபடி விலை கொடுத்தார்கள் நம் முன்னோர்கள். பல வீட்டில் கூலியே நெல்லாகத்தான் வந்தது. கேழ்வரகுக் கூழும் கம்பங்களியும் சாப்பிட்ட குடும்பம் காசு சேர்த்துத் தவணை கட்டியது. “இந்தக் காலத்துப் பிள்ளைகள்தான் தவணையில் வாழ்கிறார்கள்” என்று யாராவது சொன்னால் இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். நம் வீடுகளுக்குத் தவணை நூறு வருடப் பழக்கம்.

தஞ்சைப் பகுதியில் 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்க 1961-இல் தனிச் சட்டம் வந்தது. ஆனாலும் மண் பண்ணையாருடையதாகவே இருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கூலி உயர்வுக்கான போராட்டத்துக்குக் கொடுக்கப்பட்ட பதில் அது. உயிருக்குப் பயந்து ஓடி ஒளிய அவர்களுக்கு இருந்தது ஒரு கூரைக் குடிசை மட்டும்தான் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

1971-இல்தான் குடியிருப்பு மனைகளை அதில் வாழும் விவசாயத் தொழிலாளருக்கே சொந்தமாக்கும் சட்டம் வந்தது. அந்த ஆண்டு ஜூன் 19-ஆம் தேதி ஒரு மனையில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனை சொந்தம் என்றது சட்டம். ஆக, “தாத்தா காலத்தில் வீடு கட்டினோம்” என்பவர்கள் தாத்தாவின் பிறந்த தேதியைப் பார்க்கட்டும். 1971-க்கு முன்பு கட்டிய குடிசைகளில் பல, சட்டப்படி அவருடைய மண்ணில் நிற்கவில்லை.

சொந்தமில்லாத மண்ணில் வாழும் குடும்பம் எதில் காசைப் போடும்? எழுந்து போகச் சொன்னால் எடுத்துக்கொண்டு போகக்கூடிய பொருளில்தான் போடும். அண்டா, பித்தளைக் குடம், ஆட்டுக்குட்டி, ஒரு ஜோடிக் கம்மல். நம் பாட்டிகள் சுவரில் காசு போடாமல் பாத்திரத்திலும் நகையிலும் போட்டதைப் பார்த்து அதை அறியாமை என்றார்கள். பெயர்க்கப்படும் ஆபத்து எப்போதும் இருந்த மக்களின் கணக்கு அது.

மூன்று சென்டும் மூன்று தலைமுறையும்

அடுத்த தலைமுறைக்கு அரசு மனை கொடுத்தது. ஆதிதிராவிடர் நலத்துறை நிலம் எடுத்து இலவச மனைப் பட்டா வழங்கியது. இதற்கென்றே 1978-இல் தனி நில எடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1985-இல் மத்திய அரசு இந்திரா குடியிருப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது, அது பட்டியல் சாதி, பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகளுக்கான திட்டமாகவே இருந்தது. நம் காலனிகளில் தொகுப்பு வீடு என்று சொல்லும் வீடுகள் இப்படிப்பட்ட திட்டங்களில் வந்தவை.

இந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. பட்டா கையில் வந்ததும் பண்ணையாரின் பிடி தளர்ந்தது. வெளியூர் வேலைக்குப் போக முடிந்தது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப முடிந்தது. அம்மாவின் பெயரில் பட்டா கொடுத்த இடங்களில் அம்மாவின் குரலும் உயர்ந்தது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். கிராமத்தில் கொடுத்தது பெரும்பாலும் மூன்று சென்ட், அதாவது சுமார் 1,300 சதுர அடி. 1980-களில் வாங்கிய அப்பாவுக்கு இரண்டு மகன் என்றால் ஆளுக்கு ஒன்றரை சென்ட். அவர்களுக்கும் இரண்டிரண்டு பிள்ளை என்றால் முக்கால் சென்ட். ஊர்த்தெருவில் இருப்பவர் குடும்பம் பெருகினால் பக்கத்து நத்தத்தில், சொந்த வயலில், தோப்பில் வீடு கட்டிக்கொள்கிறார். காலனியைச் சுற்றி இருப்பது அடுத்தவர் வயலும் ஏரிக்கரையும் சுடுகாடும். விற்பதற்கு மனை இருந்தாலும் “உங்க ஆளுங்களுக்குக் கொடுக்க மாட்டோம்” என்பார்கள். வீடு பெருக இடமில்லாமல் போனதற்குப் பிள்ளைகளின் செலவுப் பழக்கம் காரணமில்லை.

கட்டும் பணத்திலும் இதே கதைதான். பிரதமர் குடியிருப்புத் திட்டத்தில் ஊரகப் பகுதிக்கு மத்திய அரசு நிர்ணயித்த தொகை 1.20 லட்சம் ரூபாய். தமிழ்நாட்டில் மாநில அரசு மேலும் சேர்த்துக் கொடுக்கிறது. 2024-இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.5 லட்சம். இருந்தாலும் பணம் கட்டிட நிலையைப் பார்த்து, அடித்தளம், லிண்டல், கூரை என்று பகுதி பகுதியாக வருகிறது. முதலில் கட்ட வேண்டும், பிறகு பணம் வரும். முதலில் கட்டப் பணம் எங்கிருந்து வரும்? கம்மல் அடகுக் கடைக்குப் போகிறது, அது போதாமல் குழு லோன். எங்கள் வேலைக்காகக் காலனிகளுக்குப் போகும்போது கூரை மட்டத்தில் நின்றுபோன வீடுகளைப் பார்க்கிறோம். விசாரித்தால் பெரும்பாலும் இந்த இடைவெளிதான் காரணம்.

நகரத்துக்கு வந்தவர்கள்

கிராமத்தில் இடமில்லாதவர்கள் நகரத்துக்கு வந்தார்கள். ஆற்றங்கரை, கால்வாய்க்கரை, ரயில்பாதை ஓரம். சென்னையில் 1970-இல் குடிசை மாற்று வாரியம் உருவானது. முதல் சில ஆண்டுகளில், இருந்த இடத்திலேயோ பக்கத்திலேயோ அடுக்குமாடி கட்டிக் கொடுப்பது அதன் வழக்கம். 1977-இல் உலக வங்கிக் கடனில் நகர வளர்ச்சித் திட்டம் வந்ததும் கொள்கை மாறியது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் அடிப்படை வசதி செய்த மனைகள் தரப்பட்டன. செலவைப் பயனாளியிடமே வசூலிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. வீடு உரிமை என்பதிலிருந்து வீடு தவணைப் பொருள் என்பதற்கு நகரமும் வந்து சேர்ந்தது.

2000-இலிருந்து கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கண்ணகி நகரில் மட்டும் சுமார் 15,000 வீடுகள், முதலில் கட்டியவை 200 சதுர அடிக்கும் குறைவு. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. வாரியம் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. பெயர் மாறினாலும் இடம் நகரத்துக்கு வெளியேதான்.

இடம் மாறியதும் குடும்பத்தின் செலவுப் பட்டியல் மாறியது. மயிலாப்பூரில் வீட்டு வேலைக்கு நடந்து போன அம்மா இப்போது பஸ்ஸில் போக வேண்டும். பஸ் வரத் தாமதமானால் ஷேர் ஆட்டோ. இரண்டு வீட்டு வேலை ஒரு வீடாகக் குறைந்தது. பிள்ளையின் பள்ளி தூரமானது. இந்தச் சூழலில்தான் மகன் தவணையில் பைக் வாங்குகிறான். அந்த பைக்தான் அவனை வேலைக்குக் கொண்டு சேர்க்கிறது. டெலிவரி வேலை என்றால் அந்த பைக்கும் செல்போனும்தான் வேலையே. முதலாளி வாங்கிக் கொடுக்க வேண்டிய கருவியைத் தொழிலாளி தவணையில் வாங்கிக்கொண்டு வருகிறான். அதை நாம் ஆடம்பரம் என்று திட்டுகிறோம்.

புள்ளிவிவரம் சொல்வதும் மறைப்பதும்

சமூகவியல், பொருளாதாரம் படிக்கும் மாணவர்களுக்கு ஏங்கல் விதி தெரிந்திருக்கும். வருமானம் கூடக்கூட, அதில் உணவுக்குப் போகும் பங்கு குறையும் என்று 1857-இல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஏங்கல் சொன்னது. தேசிய மாதிரி ஆய்வுகளும் அதைக் காட்டுகின்றன. 1999-2000-இல் இந்திய ஊரகக் குடும்பச் செலவில் உணவின் பங்கு 59 சதவீதம், நகரத்தில் 48. 2022-23-இல் ஊரகத்தில் 46, நகரத்தில் 39.

இதைப் பார்த்து “எல்லோரும் முன்னேறிவிட்டார்கள்” என்று எழுதினார்கள். முன்னேற்றம் உண்டு. தமிழ்நாட்டில் அதற்குப் போராடிப் பெற்ற காரணங்களும் உண்டு. 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவு, 2008-இல் ஒரு ரூபாய் அரிசி, 2011-இலிருந்து விலையில்லா அரிசி. கூழுக்கே கூலி போன வீட்டில் கொஞ்சம் காசு மிஞ்சியது.

மிஞ்சிய காசு எங்கே போனது? அதே ஆய்வில் நகரக் குடும்பச் செலவில் வாடகையின் பங்கு 1999-2000-இல் சுமார் 4.5 சதவீதம், 2022-23-இல் 6.5 சதவீதத்துக்கு மேல். சிறிய எண்ணாகத் தெரியும். ஆனால் இது சொந்த வீட்டுக்காரர்களையும் சேர்த்துப் போட்ட சராசரி. அவர்கள் வாடகை கொடுப்பதில்லை. வாடகைக்கு இருப்பவர் சுமை இந்தச் சராசரிக்குள் கரைந்துபோகிறது. மனை வாங்குவதும் வீடு கட்டுவதும் இந்த ஆய்வில் நுகர்வுச் செலவாகவே சேராது.

இன்னொரு எண். 2022-23-இல் இந்திய நகரங்களில் ஒரு நபரின் சராசரி மாதச் செலவு பட்டியல் சாதியினருக்கு 5,307 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் அல்லாத பிரிவினருக்கு 7,333 ரூபாய். ஊதாரிகள் என்று பேர் வாங்கியவர்கள்தான் குறைவாகச் செலவழிக்கிறார்கள்.

வாடகை வீட்டின் சாதி

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். சென்னையில் ஒரு குடும்பம் 6,000 ரூபாய் வாடகைக்கு வீடு பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து மாத அட்வான்ஸ் 60,000. கையில் இல்லை, மூன்று வட்டிக்கு வாங்குகிறார்கள். மாதம் 1,800 வட்டி. ஆக உண்மையான வாடகை 7,800. அந்த 60,000 வீட்டுக்காரரிடம் வட்டியில்லாமல் கிடக்கிறது. கரண்டுக்கு அரசு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் தருகிறது. குடியிருப்பவருக்குச் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று வசூலிக்கும் வீட்டில் அந்தச் சலுகையும் வந்து சேராது. குறைவான வருமானக்காரருக்கு வீடு விலை கூடிக் கிடைப்பது இப்படித்தான்.

2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. கூடவே, வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தால் தவிர என்றும் சொல்கிறது. வீடு தேடி அலைபவர் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுப்பார்?

இதெல்லாம் காசு இருந்தால் தீரும் பிரச்சினையா? 1917-இல் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போன அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் தங்கினார். சாதி தெரிந்ததும் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். வேலையை விட்டு ஊர் திரும்பினார். நூறாண்டு கழித்து, 2015-இல் சுகதேவ் தோரட் குழுவினர் தில்லிப் பகுதியில் செய்த ஆய்வு வெளியானது. தலித், முஸ்லிம் என்று தெரிந்ததும் வாடகை வீடு மறுக்கப்படுவதையும், நிபந்தனைகள் கூடுவதையும் அது பதிவு செய்தது. நம் ஊரில் நேரடியாகக் கேட்க மாட்டார்கள். “நான்-வெஜ் சாப்பிடுவீங்களா? சொந்த ஊரில் எந்தத் தெரு?” என்று கேட்பார்கள். மறுக்கப்பட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் பதிலாக, தூரத்தில், கூடுதல் வாடகையில், மோசமான வீடு கிடைக்கிறது. சாதிக்குக் கட்டும் இந்த வரியும் நம் செலவுக் கணக்கில்தான் ஏறுகிறது.

கட்டிய வீட்டின் மேல் கோபம்

எல்லாவற்றையும் மீறிச் சேமித்து, நல்ல வீடு கட்டி, பொருள் வாங்கினால்? 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் காவல்துறை புகுந்து வீட்டுப் பொருள்களை அடித்து நொறுக்கியது. வெளிநாட்டு உழைப்பில் வாங்கிய பொருள்களும் சான்றிதழ்களும் அதில் அழிந்தன. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனியிலும் பக்கத்துக் காலனிகளிலும் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டன. பெங்களூரிலும் திருப்பூரிலும் உழைத்துச் சேர்த்த நகை, வண்டி, டிவி எல்லாம் கொள்ளை போயின அல்லது எரிந்தன.

இரண்டு இடத்திலும் தாக்கப்பட்டவர்கள் சேமித்தவர்கள், பொறுப்பாக வாழ்ந்தவர்கள். சிக்கனமாக இருந்தால் முன்னேறலாம் என்று நமக்கு அறிவுரை சொல்பவர்கள் இந்த இரண்டு ஊரின் பெயரையும் சொல்லிவிட்டுப் பேசட்டும். சேமிப்பைப் பாதுகாக்கச் சட்டமும் அரசும் நிற்காத இடத்தில் சேமிப்பு மட்டும் எவ்வளவு தூரம் போகும்?

இனி

நம் பிள்ளைகள் செய்யும் செலவெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. கந்துவட்டியும் ஆப் கடனும் குடும்பங்களை அழிப்பதைத் தினமும் பார்க்கிறோம். பேச வேண்டிய விஷயம்தான். ஆனால் அதை மனையின் கேள்வியோடு சேர்த்துப் பேச வேண்டும்.

மாணவர்களும் இளம் தோழர்களும் செய்யக்கூடிய சில வேலைகள்:

உங்கள் காலனியின் பட்டாக்களை எடுத்துப் பாருங்கள். யார் பெயரில் இருக்கிறது, இறந்தவர் பெயரிலேயே நிற்கிறதா, அ-பதிவேட்டில் அந்த இடம் என்னவென்று எழுதியிருக்கிறது என்று குறித்து வையுங்கள். பெயர் மாறாத பட்டாவால் எத்தனையோ பேருக்கு வீட்டுத் திட்டம் கிடைக்காமல் போகிறது.

உங்கள் கிராமத்தில் பஞ்சமி நிலம் எது, இன்று யார் அனுபவத்தில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வீட்டு மனைக்கு நிலமில்லை என்று அதிகாரி சொல்லும்போது அந்தப் பதில் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

வாரியக் குடியிருப்பில் இருந்தால், தவணை முழுதும் கட்டிய குடும்பங்களுக்குக் கிரயப் பத்திரம் கிடைத்ததா என்று தெருத் தெருவாகக் கணக்கெடுங்கள். ஒதுக்கீட்டு ஆணை வேறு, பத்திரம் வேறு.

கடைசியாக, வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். முதல் குடிசை யார் மண்ணில் இருந்தது, அந்த மண்ணுக்காக என்னென்ன வேலை செய்தீர்கள், முதல் நகையை எதற்காக அடகு வைத்தீர்கள் என்று கேளுங்கள். எழுதி வையுங்கள். அந்தக் கணக்கு எந்த அரசு ஆய்விலும் இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால், “அந்தக் காலத்தில் நாங்கள் வீடு கட்டினோம்” என்று சொல்லும் தாத்தாவும் வாடகை கட்டும் பேரனும் ஒரே பக்கம் நிற்பவர்கள் என்பது இருவருக்குமே புரியும்.